த்ரொட்டில் சென்சரும் அரை மில்லிமீற்றர் இடைவெளியும்

எங்கள் வீட்டில் நிற்பது 1993ஆம் ஆண்டுத் தயாரிப்பான டொயோட்டா கொரோலா. ஏஇ100 உடல், 1498 சிசி கொள்ளளவுள்ள 5ஏ-எஃப்இ இஞ்சின், ஐந்து கியர். அப்பா பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டு எனக்குத் தந்தது. கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து காலையில் கோட்டைப் பக்கம் போய் மாலையில் திரும்புவதே அதன் அன்றாட வேலை என்பதால், அதன் வாழ்நாளின் பெரும்பகுதி முதலாம், இரண்டாம் கியர்களில், எக்ஸிலேட்டரில் கால் பட்டும் படாமலும் இருக்கும் நிலையிலேயே கழிகிறது. அந்தப் ‘பட்டும் படாமலும்’ என்ற நிலையை இஞ்சினுக்கு அறிவிக்கும் சிறிய உறுப்புத்தான் த்ரொட்டில் பொசிஷன் சென்சர். அதைத் திருப்பினால் காருக்கு வலு கூடும் என்ற நம்பிக்கை கொழும்புக் கராஜ்களில் பரவலாக இருக்கிறது. அந்த நம்பிக்கையால் ஏறத்தாழ ஒரு வருடம் பெற்றோலையும் பணத்தையும் இழந்தவன் என்ற முறையில், அந்தச் சென்சரைத் திருப்புவது உண்மையில் எதைத் தரும், எதைத் தராது என்பதை விரிவாக எழுத விரும்புகிறேன்.

2021ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு கராஜில் வழக்கமான சேர்விஸ் செய்யக் கொடுத்தபோது, பிக்அப் கொஞ்சம் குறைவாக இருக்கிறது என்று சொன்னேன். இஞ்சினுக்குள் காற்றுப் போகும் வழியான த்ரொட்டில் பொடியை அவர்கள் கழற்றிக் கழுவினார்கள். பிறகு அதன் பக்கவாட்டில் இரண்டு திருகாணிகளால் பூட்டப்பட்டிருந்த கறுப்புச் சென்சரைத் தளர்த்தி, ஒரு நூலளவு திருப்பி இறுக்கிவிட்டு, “இப்ப நல்லா இழுக்கும்” என்று தந்தார்கள். இழுக்கத்தான் செய்தது. பல வருட எண்ணெய்க் கரி நீங்கிய த்ரொட்டில் பொடியின் பலன் அது என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. திருப்பிய சென்சரே காரணம் என்று நானும் நம்பினேன்.

சில வாரங்களில் வேறு மாற்றங்கள் தெரியத் தொடங்கின. சிக்னல் விளக்கைக் கண்டு காலை எடுத்தால் கார் முன்போல் தானாக வேகம் குறையாமல் வழுக்கிக்கொண்டு போனது. ஏசியைப் போட்டால் ஐட்லிங், அதாவது கால் படாதபோது இஞ்சின் தானாகச் சுற்றும் வேகம், தடுமாறியது, நிறுத்தினால் ஏறி நின்றது. இன்னொரு கராஜில் காட்டியபோது, அங்கிருந்தவர் டைமிங் லைட்டைப் பிடித்துப் பார்த்து, டைமிங், அதாவது பெற்றோலுக்குப் பொறி விழும் கணம், விலகியிருக்கிறது என்று, பொறியைப் பகிர்ந்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினார். அதற்குப் பிறகு ஏற்றத்தில் இஞ்சின் தட்டும் சத்தமும் சேர்ந்துகொண்டது. பெற்றோல் தெளிக்கும் இஞ்செக்டர்கள் புதிதாக வேண்டும் என்றார் ஒருவர். இஞ்சினையே பிரிக்க வேண்டும் என்றார் மற்றொருவர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய கார்களை மாற்றுவது எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு எட்டாத காரியமாகிவிட்டிருந்த காலம் அது. இருப்பதைத் திருத்தி வைத்துக்கொள்வதே ஒரே வழியாக இருந்தது.

2022இல் பெற்றோல் வரிசைகள் வந்தன. கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பெற்றோல் வாங்கும் முறை நடைமுறைக்கு வந்தபோது காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்று தொடக்கத்தில் ஒதுக்கினார்கள். அந்த 20 லீற்றரை வைத்து ஒரு கொப்பியில் கிலோமீற்றர் கணக்கு எழுதத் தொடங்கிய பிறகுதான், அப்பா ஓடிய காலத்துக் கணக்குக்கும் என் கணக்குக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பது தெளிவாகத் தெரிந்தது. புகைப் பரிசோதனையில் கார் ஒவ்வொரு முறையும் தேறியே வந்தது. அதில் வியப்பில்லை. பாரம் ஏற்றாமல் ஐட்லிங்கிலும் நிமிடத்துக்கு 2500 சுற்றிலும் வைத்து அளக்கும் பரிசோதனை அது. காலை எடுக்கும்போதும் வைக்கும்போதும் இஞ்சின் என்ன செய்கிறது என்பதை அது பார்ப்பதில்லை. எங்கள் காரின் நோய் முழுவதும் அந்தக் கணங்களில்தான் இருந்தது.

இனி அந்தச் சென்சரின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். பழைய வானொலிப் பெட்டியில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்குள் இருப்பது போன்ற ஒரு மாறுதடைதான் அது. காற்றுப் போகும் வழியில் உள்ள பட்டர்ஃபிளைத் தகட்டின் அச்சோடு அது பிணைக்கப்பட்டிருக்கிறது. இசியு என்று நாம் அழைக்கும் கணினி அதற்கு ஒரு முனையில் 5 வோல்ட் கொடுக்கிறது; மறுமுனை எர்த்; நடுவே கரிப்பாதையின் மீது நகரும் சிறு தூரிகை, தகடு திறந்திருக்கும் அளவுக்கு ஏற்ப ஒரு வோல்டேஜைத் திருப்பி அனுப்புகிறது. தகடு மூடியிருக்கும்போது ஏறத்தாழ அரை வோல்ட். முழுவதும் திறந்தால் நான்கு வோல்டுக்குச் சற்று முன்னோ பின்னோ. தகடு மொத்தமாகத் திரும்புவது ஏறத்தாழ 80 பாகை என்று எடுத்துக்கொண்டால், ஒரு பாகைக்கு 0.05 வோல்ட் அளவில் வருகிறது. ஆகவே சென்சரை ‘ஒரு நூலளவு’ திருப்பி 0.2 வோல்ட் ஏற்றிவிட்டால், மூடியே இருக்கும் தகடு நான்கு பாகை திறந்திருக்கிறது என்று கணினிக்குப் பொய் சொல்லியாகிவிட்டது.

எங்கள் காரிலுள்ளதைப் போன்ற தொண்ணூறுகளின் டொயோட்டாச் சென்சர்களில் இதனோடு இன்னொரு பகுதியும் உண்டு. மூன்று முனைகளுக்குப் பதிலாக நான்கு இருக்கும்: விசி, விடிஏ, ஐடிஎல், இ2. இவற்றில் ஐடிஎல் என்பது வெறும் ஒரு சுவிட்ச். தகடு மூடியிருந்தால் இ2வோடு சேரும், சற்றுத் திறந்தவுடன் பிரியும். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றினாலும், கால் எடுக்கப்பட்டுவிட்டதா இல்லையா என்ற கேள்விக்குக் கணினி நம்புவது இந்தச் சுவிட்சைத்தான். கராஜில் சென்சரைத் திருப்பியவர் வோல்டேஜை ஏற்றியதோடு, இந்தச் சுவிட்ச் ஒருபோதும் சேராதபடியும் செய்துவிட்டார்.

அதன் விளைவுகளை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து பார்த்தால், என் காரில் நடந்த ஒவ்வொன்றுக்கும் காரணம் கிடைக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது காலை முழுவதுமாக எடுத்தால், சுற்று வேகம் போதிய அளவு உயரத்தில் இருக்கும்வரை கணினி இஞ்செக்டர்களை அடியோடு நிறுத்திவிடும். ஒரு துளி பெற்றோலும் போகாது. சில்லுகள்தான் இஞ்சினைச் சுழற்றும். அதனால்தான் கார் தானாக வேகம் குறைகிறது. ஐடிஎல் சேராவிட்டால் கால் இன்னும் எக்ஸிலேட்டரில் இருக்கிறது என்று எண்ணிக் கணினி தொடர்ந்து பெற்றோல் ஊற்றுகிறது. வெள்ளவத்தையைக் கடந்து போகும் நெரிசலான காலி வீதியில் ஒரு நாளில் எத்தனை முறை காலை எடுக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால், அந்த இழப்பு எப்படிக் கூடியிருக்கும் என்பது விளங்கும். ஐட்லிங்கைச் சீராக வைத்திருக்கும் காற்று வால்வும் ஐடிஎல் சேர்ந்த பிறகே தன் சரிப்படுத்தலைத் தொடங்கும். ஏசி போடும்போது ஏற்பட்ட தடுமாற்றம் அதனால் வந்தது.

எனக்கு மிகவும் வருத்தம் தந்தது டைமிங் விவகாரம். இந்த இஞ்சினில் டைமிங் பார்ப்பதற்கு, பொனட்டுக்குள் இருக்கும் சோதனைப் பெட்டியில் டிஇ1, இ1 என்ற இரு முனைகளையும் ஒரு வயரால் இணைக்க வேண்டும். அப்போது கணினி தன் சொந்தத் திருத்தங்களை விட்டுவிட்டு 10 பாகை என்ற நிலையான அளவில் நிற்கும். அந்த நிலையில்தான் டைமிங் லைட் சொல்வதற்குப் பொருள் உண்டு. ஆனால் ஐடிஎல் சேர்ந்திருந்தால் மட்டுமே கணினி அப்படி நிற்கும். சேராத நிலையில் லைட்டைப் பிடித்தவர் கண்டது நகர்ந்துகொண்டிருந்த ஒரு அளவு. அவர் அக்கறையோடுதான் வேலை செய்தார். அவருடைய அளவுகோலே ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது. சரியாக இருந்த டிஸ்ட்ரிபியூட்டர் அப்படித்தான் தவறான இடத்துக்குப் போனது.

இவ்வளவும் தெரியாமல் நானே சென்சரைத் திருப்பிப் பார்த்த ஒரு காலமும் உண்டு. முதலில் திருப்பியது தவறு என்றால் எதிர்ப்பக்கம் திருப்பினால் சரியாகும் என்று எண்ணி, அளவு எதுவும் பார்க்காமல், காதால் கேட்டே ஒரு இடத்தில் இறுக்கினேன். ஐட்லிங் அழகாக நின்றது. ஆனால் மறுநாள் மரைன் டிரைவில் இரண்டாம் கியரில் மெதுவாகப் போகும்போது கார் முன்னும் பின்னும் உலுப்பத் தொடங்கியது. காரணம் முந்தையதற்கு நேர்மாறானது. இப்போது தகடு சற்றுத் திறந்த பிறகும் ஐடிஎல் பிரியவில்லை. கணினியோ, கால் எடுக்கப்பட்டிருக்கிறது, சுற்று வேகம் உயரமாக இருக்கிறது, ஆகவே பெற்றோலை நிறுத்தலாம் என்று முடிவு செய்தது, நிறுத்தியதும் சுற்று விழுந்தது, விழுந்ததும் மீண்டும் ஊற்றியது, மீண்டும் ஏறியது, மீண்டும் நிறுத்தியது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது பெற்றோல் பம்ப் பழுது போலவே தெரியும்.

அந்த நிலையில்தான் கொட்டாஞ்சேனையில் தன் வீட்டு முற்றத்திலேயே வேலை செய்யும் ஒரு மெக்கானிக்கிடம் உறவினர் ஒருவர் கூட்டிப்போனார். அறுபது வயதைக் கடந்தவர். எல்லோருக்கும் அவர் அண்ணைதான். நான் கதை முழுவதையும் சொல்லி முடித்து, “அண்ணை, சென்சரை மாத்தினால் சரிவருமோ?” என்று கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. பொனட்டைத் திறந்து, சென்சருக்குப் போகும் பிளக்கைக் கழற்றி, வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். “தம்பி, சென்சரைக் குறை சொல்ல முதல் வயரைப் பாரும். கடற்கரையில நிக்கிற கார் இது” என்றார். பிளக்கின் ஒரு முனையில் பச்சை நிறத்தில் களிம்பு படிந்திருந்தது.

அவர் அன்று செய்த வேலையின் ஒழுங்கு எனக்கு இன்றும் பாடமாக இருக்கிறது. பிளக்கைத் துப்புரவாக்கி மீண்டும் மாட்டிய பிறகு, சாவியை ஓன் நிலையில் வைத்து இஞ்சினை இயக்காமல், விசிக்கும் இ2வுக்கும் இடையில் மல்டிமீற்றரைப் பிடித்தார். 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருக்க வேண்டிய வோல்டேஜ் அது, 5.02 இருந்தது. அடுத்து இ2 முனையிலிருந்து பற்றரியின் மைனஸ் முனைக்கு அளந்தார். எர்த் நல்லதாக இருந்தால் அங்கே கிட்டத்தட்ட பூச்சியம் காட்ட வேண்டும். அங்கே 0.2 வோல்ட் தங்கி நின்றால் தகடு மூடிய நிலையில் சென்சர் சொல்லும் அளவில் ஏறத்தாழ அந்த 0.2 கூடிவிடும், அதைச் சென்சரைத் திருப்பிச் சரிசெய்ய முயல்வது, தராசின் அடியில் கல் கிடக்கும்போது படிக்கல்லை அறுப்பது போன்றது. இங்கே எர்த் நன்றாக இருந்தது. அதன் பிறகே விடிஏ முனையைத் தொட்டார். வயரின் காப்புறையைக் குத்தித் துளைக்காமல், பிளக்கின் பின்புறமாக ஒரு மெல்லிய தையல் ஊசியைச் செருகி அளந்தார். குத்தப்பட்ட வயருக்குள் கடற்காற்றின் ஈரம் இறங்கினால் ஆறு மாதத்தில் உள்ளே செம்பு உளுத்துவிடும் என்பது அவருடைய அனுபவம்.

பிறகு அவர் எக்ஸிலேட்டர் கேபிளைக் கையால் மிக மெதுவாக இழுத்தார். இதற்கு அவர் எடுத்தது பழைய முள் மீற்றர். இலக்கங்கள் ஓடும் மீற்றரில் ஒரு கணம் விழுந்து எழும் வோல்டேஜ் கண்ணுக்குத் தப்பிவிடும். முள்ளோ துடித்துக் காட்டிவிடும். தகடு மூடிய நிலையிலிருந்து திறந்துகொண்டே போக, முள் சீராக ஏற வேண்டும். எங்கள் சென்சரில் ஏறத்தாழ கால்வாசி திறப்புக்குள் ஓரிடத்தில் முள் சட்டென்று கீழே விழுந்து மீண்டது. அதைத் தாண்டிய பிறகு முழுத் திறப்புவரை வழுவழுப்பாக ஏறியது.

இந்த இடத்தில் சற்று நின்று சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. நெடுஞ்சாலையில் ஓடும் காரின் தூரிகை கரிப்பாதை முழுவதிலும் பரவலாக நகர்கிறது. வெள்ளவத்தைக்கும் கோட்டைக்கும் இடையில் இருபத்தைந்து வருடம் ஊர்ந்த காரின் தூரிகையோ, முதல் சில பாகைகளுக்குள்ளேயே லட்சக்கணக்கான முறை முன்னும் பின்னும் தேய்த்துக்கொண்டிருக்கிறது. கோயில் வாசற்படியில் எல்லோரும் கால் வைக்கும் நடுவிடம் மட்டும் குழிவது போல, கரிப்பாதையும் அங்கேதான் தேய்கிறது. நாம் நாள் முழுவதும் பயன்படுத்தும் இடமே சென்சரின் மிகத் தேய்ந்த இடமாகவும் இருக்கிறது. தேய்ந்த சென்சரை எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தக் குழி மறையாது. தகடு அதைச் சந்திக்கும் இடம் சற்று நகரும், அவ்வளவுதான். சென்சரைத் திருப்பிய சில நாட்களுக்குக் கார் நன்றாக ஓடுவதாகப் பலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

ஆகவே சென்சரை மாற்றத்தான் வேண்டியிருந்தது. வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போனேன். அங்கே ஒரே சென்சர் மூன்று விலையில் கிடைத்தது: பெட்டியோடு வரும் ஒறிஜினல், பெயர் தெரியாத புதியது, ஜப்பானிலிருந்து வந்த பழைய இஞ்சினிலிருந்து கழற்றிய பாவித்தது. அண்ணை சொல்லி அனுப்பியபடி மீற்றரையும் கையோடு கொண்டுபோயிருந்தேன். விசிக்கும் இ2வுக்கும் இடையில் 2.5 முதல் 5.9 கிலோ ஓம் வரை இருக்க வேண்டும். கடைக்காரர்கள் பொறுமையாக அளக்க விட்டார்கள். பெயர் தெரியாத புதியதில் முள் நடுவழியில் இரண்டு முறை துடித்தது. பாவித்தவற்றில் ஒன்று முழுத் தூரமும் வழுக்கி ஏறியது, அதை வாங்கினேன். பெட்டியில் வருவதெல்லாம் நல்லது, பாவித்ததெல்லாம் கெட்டது என்ற முடிவோடு அந்தத் தெருவுக்குள் போகக்கூடாது. அளந்து பார்த்து வாங்குவதற்கு அங்கே எப்போதும் இடமுண்டு.

பொருத்துவதற்கு முன் அண்ணை மூன்று விடயங்களைப் பார்த்தார். த்ரொட்டில் பொடிக்குள் தகட்டின் விளிம்பில் கரி சேர்ந்திருந்தால் தகடு முழுவதும் மூடாது, அதைத் துடைத்தார். எக்ஸிலேட்டர் கேபிள் இறுக்கமாக இருந்தால் கால் எடுத்த பின்னும் தகட்டை இழுத்துப் பிடித்திருக்கும்; அதற்குச் சிறிது தளர்வு கொடுத்தார். மூன்றாவது, தகடு போய் முட்டி நிற்கும் சிறு நிறுத்தத் திருகாணி. ஐட்லிங்கைக் கூட்ட இதைத் திருகிவிடும் பழக்கம் பலரிடம் உண்டு. தொழிற்சாலையில் காற்றோட்டத்தை அளந்து வைத்து முத்திரை போல வண்ணம் பூசிய திருகாணி அது. அதைத் திருகினால் ‘மூடிய நிலை’ என்பதே இடம்மாறிவிடும். அதன் பின் சென்சரை எதற்கு ஒப்பிட்டு அமைப்பது? நல்லவேளையாக எங்கள் காரில் அந்த வண்ணம் உடையாமல் இருந்தது.

சென்சரின் இரண்டு திருகாணிகளைப் பற்றியும் ஒரு சொல். ஜப்பானியக் கார்களில் இருப்பவை ஜப்பானியத் தர அளவான ஜேஐஎஸ் வெட்டுடையவை. பார்வைக்குச் சாதாரண நட்சத்திரத் திருகாணி போலவே இருந்தாலும், சாதாரண ஸ்க்ரூ டிரைவரின் முனை அதன் அடிவரை இறங்காது, வழுக்கித் தலையைத் தின்றுவிடும். பொருத்தமான முனையை வைத்து, முதலில் அதன் பின்புறத்தில் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் திருப்பினால் இளகும்.

அமைக்கும் முறை இவ்வளவுதான். தகடு முட்டி நிற்கும் நெம்புக்கும் நிறுத்தத் திருகாணிக்கும் இடையில், மிகச் சிறிய இடைவெளிகளை அளக்கும் ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டைச் செருக வேண்டும். டெப்பட் செட் பண்ணும் அதே கருவிதான். எங்கள் இஞ்சினுக்கு 0.50 மில்லிமீற்றர் கேஜ் தகடு இருக்கும்போது ஐடிஎல்லும் இ2வும் சேர்ந்திருக்க வேண்டும், 0.70 மில்லிமீற்றர் வைத்தால் பிரிந்திருக்க வேண்டும். எனவே அமைக்கும்போது நடுவிலுள்ள 0.60ஐ வைத்து, சாவியை அணைத்து, பிளக்கைக் கழற்றி, மீற்றரை ஓம் அளவில் சென்சரின் அந்த இரு முனைகளிலும் பிடித்துக்கொண்டு, சென்சரை மெல்ல மெல்லத் திருப்ப வேண்டும். மீற்றர் அசையும் அந்த இடத்தில் நிறுத்தி இறுக்க வேண்டும். இறுக்கும்போது சென்சர் திருகாணியோடு சேர்ந்து ஒரு மயிரிழை நகரும் என்பதால், இறுக்கிய பின் 0.50, 0.70 இரண்டையும் வைத்து மீண்டும் பார்க்க வேண்டும். எங்களுக்கு நான்காவது முறைதான் சரிவந்தது. அண்ணை அந்த நான்கு முறையும் அவசரப்படவில்லை. இந்த அளவுகள் எல்லா இஞ்சினுக்கும் பொதுவானவையல்ல. ஒரே நிறுவனத்தின் வேறு இஞ்சினுக்கே வேறு அளவு உண்டு. ஐடிஎல் இல்லாத மூன்று முனைச் சென்சர்களில் மூடிய நிலையின் வோல்டேஜை வைத்தே அமைக்க வேண்டும். திருப்பவே இடமில்லாமல் துளைகள் அளவாகப் போடப்பட்ட சென்சர்களும் உண்டு. தன் காரின் கைநூலில் உள்ள இலக்கத்தைத் தேடிப் பார்க்காமல் இன்னொரு காரின் இலக்கத்தை எடுத்து வைப்பது, மருந்துச் சீட்டை மாற்றிப் படிப்பதற்கு ஒப்பாகும்.

அமைத்து முடிந்ததும் விடிஏ மூடிய நிலையில் 0.3க்கும் 0.8க்கும் இடையில், முழுத் திறப்பில் 3.2க்கும் 4.9க்கும் இடையில் வர வேண்டும், எங்களுக்கு 0.52உம் 4.1உம் வந்தன. கணினிக்கு மின்சாரம் தரும் இஎஃப்ஐ பியூஸை அண்ணை சிறிது நேரம் கழற்றி வைத்து அதன் பழைய நினைவை அழித்தார். கடைசியாக டிஇ1, இ1 முனைகளை இணைத்து, இஞ்சின் நன்றாகச் சூடேறிய பின், டைமிங்கை மீண்டும் 10 பாகைக்குக் கொண்டுவந்தார். இந்த முறை அடையாளக் கோடு லைட்டின் கீழ் ஆடாமல் நின்றது. ஒரு வருடமாக நாங்கள் தேடியது அந்த அசையாத கோட்டைத்தான்.

இப்போது வலு பற்றிய கேள்விக்கு வருகிறேன். இந்த இஞ்சினில் எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்பதைக் கணினி அறிவது உள்வாங்கு குழாயின் அழுத்தத்தை அளக்கும் வேறொரு சென்சரிலிருந்து. பெற்றோலின் அடிப்படை அளவு அதிலிருந்தே கணக்கிடப்படுகிறது. சீராக ஓடும்போது புகைக்குழாயிலுள்ள ஒட்சிசன் சென்சர், காற்றும் பெற்றோலும் 14.7க்கு 1 என்ற நிறை விகிதத்தில் நிற்கும்படி அதைத் திருத்திக்கொண்டேயிருக்கும். த்ரொட்டில் சென்சரின் வேலை, காலை எவ்வளவு விரைவாக வைத்தார்கள் என்பதைச் சொல்லி அந்தக் கணத்துக்கு ஒரு பிடி பெற்றோலைக் கூட்டுவது; முழுவதும் மிதித்துவிட்டார்கள் என்று சொல்லிக் கலவையைச் செறிவாக்குவது; கால் எடுத்தாயிற்று என்று சொல்வது. சென்சரை உயர்த்தி வைத்தால் காற்று ஒரு குமிழியளவும் கூடாது. காற்று கூடாத இஞ்சினில் வலு எங்கிருந்து வரும்?

அமெரிக்காவில் ஃபோர்டு மஸ்டாங் 5.0 லீற்றர் கார்களை வைத்திருப்பவர்களிடையே, இந்தச் சென்சரைச் சரியாக 0.99 வோல்டில் வைத்தால் கார் பறக்கும் என்று பல்லாண்டுகளாக ஒரு நம்பிக்கை உலவியது. அந்தக் கார்களின் கணினியோ, தான் காணும் மிகக் குறைந்த வோல்டேஜையே மூடிய நிலை என்று எடுத்துக்கொண்டு, அதிலிருந்து எவ்வளவு ஏறுகிறது என்பதையே பார்க்கும் விதத்தில் எழுதப்பட்டது. 0.80 ஆனாலும் 0.99 ஆனாலும் அதற்கு ஒன்றுதான். கடல்களுக்கு அப்பாலும் இதே திருகாணிகளைத் தளர்த்தி இதே நம்பிக்கையோடு மனிதர்கள் குனிந்து நின்றிருக்கிறார்கள் என்று அறிந்தபோது அவர்கள் மீது எனக்கு ஒரு நெருக்கமே தோன்றியது. காற்றை அளக்கும் சென்சர் இல்லாமல் தகட்டின் கோணத்தையும் சுற்று வேகத்தையும் மட்டும் வைத்துப் பெற்றோலைக் கணக்கிடும் சில பந்தய இஞ்சின்கள் உண்டு. அங்கே இந்தச் சென்சரின் ஒரு பாகை வித்தியாசம் கலவையையே மாற்றிவிடும். நம் வீதிகளில் ஓடும் வழக்கமான கார்களுக்கு அது பொருந்தாது.

அப்படியானால் சரியாக அமைத்த சென்சரால் கார் நன்றாக ஓடுவதாக உணர்வது வெறும் மனப்பிரமையா என்றால், இல்லை. குறைந்த சுற்றில் தகட்டின் முதல் சில பாகைத் திறப்பிலேயே காற்றின் பெரும்பங்கு உள்ளே போய்விடுகிறது. பாதிக்கு மேல் திறப்பதால் அங்கே அதிகம் கூடுவதில்லை. ஆகவே ஊர்ந்து ஓடும் நகரத்தில் ஓட்டுநர் உணரும் ‘பிக்அப்’ முழுவதும் அந்த முதல் பாகைகளுக்குள் அடங்கியிருக்கிறது. அங்கே சென்சர் தடுமாறினால் கார் தயங்கும். அங்கே அது உண்மையைச் சொன்னால் கார் காலோடு கூடவே வரும். இஞ்சினில் ஏற்கெனவே இருந்து இழந்துபோன ஒன்று திரும்பி வருகிறது. அதற்கு மேல் ஒரு குதிரைத்திறனும் சேர்வதில்லை. ஆனால் இழந்தது சிறிதல்ல என்பதை ஒரு வருடம் அனுபவித்தவன் நான்.

புதிய கார்கள் வைத்திருக்கும் நண்பர்கள் தங்கள் அக்ஸியோவிலும் விட்ஸிலும் இதைச் செய்யலாமா என்று கேட்கிறார்கள். கேபிள் இல்லாமல் மோட்டாரால் தகடு திறக்கும் கார்களில் இந்தச் சென்சர் த்ரொட்டில் பொடிக்குள்ளேயே அடைக்கப்பட்டிருக்கிறது. ஒன்றை ஒன்று சரிபார்க்க இரண்டு சமிக்ஞைகள் வருகின்றன. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கணினி பி2135 போன்ற பழுதுக் குறியீட்டைக் காட்டிக் காரைக் குறைந்த வலுவில் மட்டும் ஓட விடும். அங்கே தளர்த்தத் திருகாணியும் இல்லை, தளர்த்தவும் கூடாது. துப்புரவாக்கிய பின் ஸ்கேனர் கொண்டோ, நிறுவனம் சொன்ன முறைப்படியோ ஐட்லிங் நிலையை மீண்டும் கற்பிப்பதே அங்கே உள்ள ஒரே வேலை. எக்ஸிலேட்டருக்கும் கணினிக்கும் இடையில் மாட்டும் சிறு பெட்டிகளை வலுக் கூட்டும் கருவி என்று விற்கிறார்கள். அவை கால்வாசி மிதித்ததை அரைவாசி என்று சொல்லி அனுப்புகின்றன. முழுவதும் மிதித்தால் பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கார் ஒன்றுதான். 2021இல் என் காரின் சென்சரைத் திருப்பி என்னிடம் தந்ததும் இதே வகையான சரக்கைத்தான்.

அன்று மாலை கொட்டாஞ்சேனையிலிருந்து வீடு திரும்பும்போது, முதலாவது சிக்னலில் காலை எடுத்தவுடன் கார் தானாகத் தாங்கி நின்ற அந்தப் பழைய உணர்வை அப்பாவே முதலில் கவனித்தார். பக்கத்து இருக்கையில் இருந்தவர் ஒன்றும் பேசாமல் டாஷ்போர்டின் மேல் கையை வைத்துக்கொண்டார். கொப்பிக் கணக்கில் லீற்றருக்கு ஒன்றரைக் கிலோமீற்றர் கூடியிருக்கிறது. அதில் எவ்வளவு சென்சரால், எவ்வளவு திருத்திய டைமிங்கால் என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை. சென்சரின் விளிம்பிலிருந்து த்ரொட்டில் பொடிவரை வெள்ளை வண்ணத்தில் ஒரு மெல்லிய கோடு போட்டு வைத்திருக்கிறேன். 0.52, 4.1 என்ற இரண்டு இலக்கங்களையும் திகதியோடு ஒரு துண்டில் எழுதி, பொனட்டின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறேன். காரை எந்தக் கராஜில் விட்டு எடுத்தாலும், வாசலைத் தாண்டும் முன் பொனட்டைத் திறந்து அந்தக் கோடு நகர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.